மாதிரி ஆல்பம்

பகாவ் சின்ன டவுன்.
இரண்டாவது கல்யாணத்துக்கென்று
வேறு ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

பந்தல்காரர் வேலாண்டிக்குப் போன் போட்டேன்.
முகவரி கேட்கவில்லை.
"அதே வாசல்தானே, அளவு இருக்கு."
இருபதுக்கு நாற்பது,
வலது மூலையில் கால்வாய், அங்கே மட்டும் ஒரு கம்பி குட்டை.

சாப்பாட்டுக்குத் தனபாக்கியம்.
போன தடவை ரசம் பற்றாமல் போனதை
நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை.
"இந்த வாட்டி ரெண்டு அண்டா. கணக்குல சேக்க மாட்டேன்,"
என்று சொன்ன அதே மூச்சில்
தலைக்குப் பதினெட்டு வெள்ளி என்றார்.
போன தடவை பன்னிரண்டு.

செம்பனை ஆலையில் எடைமேடை கிளார்க் நான்.
குலையோடு வரும் லோரியை ஒரு தடவை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை.
யார் பேச்சையும் அப்படித்தான்
இரண்டு தடவை நிறுத்துப் பார்க்கிறேன்.

ஒப்பனைக்காரி பிரேமளா
கன்னத்தைத் தொட்டு, "அப்படியே இருக்கீங்க" என்றாள்.
நூறு வெள்ளி முன்பணம். ரசீது கேட்டு வாங்கினேன்.

கடைசியாகத்தான் குணாளன் ஸ்டூடியோ.
பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால்,
கீழே மருந்துக்கடை, மேலே குணாளன்.
தள்ளிப்போட்டதற்குக் காரணம்
முந்நூற்றைம்பது வெள்ளி பாக்கி.
ஆல்பம் எடுக்க நான் போகவே இல்லை.
அது தயாரான வாரத்தில்
அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன்,
ஒரு பெட்டி, ஒரு மேசை விசிறி.

மாடியில் எனக்கு முன்னால் ஒரு பெண், அவள் தங்கை.
இருபது வயதிருக்கும்.
மடியில் தடித்த ஆல்பம்.
"இந்த மாதிரி எடுங்கண்ணே,
குனிஞ்சு சிரிக்கிறாங்களே, இது."
எட்டிப் பார்த்தேன்.
நான்.

ஆறு வருஷமாக
பகாவ், செர்த்திங், பத்து கிக்கிர்,
எத்தனை பெண்கள் என்னைப் புரட்டி
என் கழுத்துச் சாய்வையும்
சிரிப்பையும் ஆர்டர் கொடுத்தார்களோ.
விரல் பட்டுப் பட்டு
அந்த மாப்பிள்ளையின் முகத்தில் பளபளப்பு போயிருந்தது.
மாலை மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அவர்கள் இறங்கிப் போனதும்
குணாளன் தொண்டையைச் செருமினார்.
"பழைய பாக்கி ஒன்னு இருக்கு, மிஸ்."
"இருக்கு. வாடகையும் இருக்கு."
"என்ன வாடகை?"
"ஆறு வருஷம். மாசம் அஞ்சு வெள்ளின்னு வெச்சாலும்
முந்நூத்தி அறுவது.
நீங்கதான் பத்து வெள்ளி தரணும்."

அவர் சிரிக்கவில்லை.
கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சொன்னார்:
"நானூறு படம் எடுத்தேன்.
அவரு ஒங்களப் பாக்குற மாதிரி ஒன்னுகூட விழல.
ராத்திரியெல்லாம் உக்காந்து தேடுனேன்.
தாலி கட்டுறப்பகூட வாசலத்தான் பாக்குறாரு."
"சொல்லியிருக்கலாம்."
"கேமராக்காரன் சொல்ற விஷயமா?"

கீழே தவசீலனின் லோரி
நிறுத்தக் கூடாத இடத்தில்
இரண்டு பக்கமும் விளக்கு மின்ன நின்றது.

"எண்ணூறு. வீடியோ இல்ல."
"எழுநூத்தி அம்பது. ஒரு கண்டிஷன்."
இந்தத் தடவை அப்படி ஏதாவது கண்ணில் பட்டால்
தாலிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.
வாயைத் திறக்க வேண்டாம். ஒரு இருமல் போதும்.

ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளைச் செருகினார்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
பேனாவைக் கொஞ்ச நேரம் ஊன்றியிருந்துவிட்டு
எழுதினார்: இருமவும்.
மஞ்சள் பிரதி எனக்கு.

ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறீர்களா என்றார்.
இருக்கட்டும்,
அந்தப் பெண் கேட்ட படத்துக்கு மாதிரி வேண்டாமா.
பத்து வெள்ளியை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

லோரிக்குள் ஏறியதும்
"எவ்ளோ சொன்னான்?" என்றார் தவசீலன்.
ரோட்டைப் பார்த்துக் கேட்டாரா,
என்னைப் பார்த்தா,
கவனிக்கவில்லை.
ரசீதை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன்.